மூன்று மணி நேரம் ஓட்டியும் பேட்டரி ஏறவில்லை: மோட்டார்ஹோமில் எங்கே தேடுவது

ஐயா, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறி, வின்டர்டன் பக்கம் திரும்பி, டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓட்டுகிறீர்கள். போகும்போது ஃப்ரிட்ஜ் 12 வோல்ட்டில் ஓடுகிறது. போய்ச் சேரும்போது உள்ளே இருக்கும் மீட்டர் 13.1 காட்டுகிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கு மங்கி, தண்ணீர் பம்ப் முனகத் தொடங்கிவிடுகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரி தனி; விளக்குக்கும் பம்புக்கும் மின்சாரம் தரும் பின் பேட்டரி தனி, அதை வீட்டு பேட்டரி என்போம். உங்கள் வீட்டு பேட்டரி 105 ஆம்ப்-அவர் டீப் சைக்கிள் (திரும்பத் திரும்ப ஆழமாக இறக்கி ஏற்ற உகந்த) வகை, வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. அதுவும் முதலாவது கெட்டு மாற்றிய இரண்டாவது பேட்டரி. மூன்றாவதாக லித்தியம் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் 26 வருடமாக வண்டி மின்வேலை செய்கிறேன். "பேட்டரி போய்விட்டது" என்று வந்த மோட்டார்ஹோம்களிலும் கேரவன்களிலும் பாதிக்கு மேல், பேட்டரி கெட்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் போட்ட புதுப் பேட்டரியும் அதே வழியில்தான் போகும். உங்களுக்கு ஏற்கனவே ஒருமுறை அப்படி ஆகிவிட்டது.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவியது அந்த 13.1 என்ற எண். கம்பி அறுந்திருந்தாலோ, ஃபியூஸ் போயிருந்தாலோ, இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) வேலை செய்யாமல் இருந்தாலோ, எஞ்சின் ஓடும்போதும் மீட்டர் 12.2, 12.4 என்று பேட்டரியின் சொந்த வோல்டேஜில்தான் நிற்கும். 13.1 காட்டுகிறது என்றால் முன்னாலிருந்து ஏதோ வந்துகொண்டிருக்கிறது. ஆனால் போதுமான அளவு வரவில்லை. ஈய-அமில பேட்டரி முழுதாக ஏற வேண்டுமானால் அதன் முனையில் 14.2 முதல் 14.7 வரை வேண்டும், வகையைப் பொறுத்து. 13.1இல் அது மணிக்கணக்கில் பாதி வயிற்றோடுதான் கிடக்கும்.

அப்படியானால் நடுவில் ஒரு வோல்ட் எங்கே போகிறது? இதைக் கண்டுபிடிக்கத் தேவை சாதாரண மல்டிமீட்டர் ஒன்று. முடிந்தால் டிசி ஆம்ப் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் (கம்பியைச் சுற்றிக் கவ்வி கரண்ட் அளப்பது) வாங்குங்கள். வாங்கும்போது டிசி அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி மட்டும்தான் அளக்கும். இரண்டும் சேர்ந்தாலும் புது பேட்டரியின் விலை வராது. தொடங்குவதற்கு முன் கையில் இருக்கும் மோதிரம், உலோகப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் பட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஓய்வில் இருக்கும் வோல்டேஜ். எஞ்சின், சோலார், வெளி மின்சாரம் மூன்றையும் துண்டித்து, உள்ளே எல்லாவற்றையும் அணைத்து, குறைந்தது நான்கு மணி நேரம் விட்டுவிட்டு பேட்டரி முனையிலேயே அளங்கள். 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி, 11.8 முழுக் காலி. சார்ஜ் போட்டு எடுத்த உடனே அளந்தால் 13 காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், நம்ப வேண்டாம். வண்டிக்குள் சுவரில் இருக்கும் அந்தச் சின்ன மீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். அது மெல்லிய கம்பியின் கடைசியில் இருந்து அளக்கிறது. அதே கம்பியில் விளக்கும் எரிந்தால் குறைத்துத்தான் காட்டும்.

அடுத்தது எஞ்சினை ஓடவிட்டு அளப்பது. இங்கேதான் பெரும்பாலோர் தப்பு செய்கிறார்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போது அளந்து, "முன்னால் 14.3, பின்னால் 14.2, எல்லாம் சரி" என்று மூடிவிடுகிறார்கள். கோயில் வாசல் குறுகல் என்பது திருவிழா அன்றுதான் தெரியும். அதுபோல, கம்பியில் கரண்ட் பாயும்போதுதான் அதன் குறை வெளிப்படும். ஆகவே முதல் நாள் இரவு விளக்கு, பம்ப் எல்லாம் ஓடவிட்டு வீட்டுப் பக்க பேட்டரியை 12.2 வரை இறக்குங்கள். காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சற்று ஆக்சிலரேட்டர் கொடுத்து, முதலில் எஞ்சின் பேட்டரியில் அளங்கள், அப்புறம் வீட்டுப் பக்க பேட்டரியில் அளங்கள்.

முன்னால் 14.2, பின்னால் 13.1 என்றால் வழியில் 1.1 வோல்ட் தொலைகிறது. அதை நேராகவே பிடிக்கலாம். மீட்டரின் சிவப்பு முனையை எஞ்சின் பேட்டரி பாசிட்டிவிலும், கறுப்பு முனையை வீட்டு பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். மீட்டர் கம்பி எட்டாது. ஒரு நீளக் கம்பியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை. அப்போது மீட்டர் காட்டுவது பாசிட்டிவ் பக்கம் தொலையும் வோல்டேஜ். அதேபோல நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு. இரண்டு பக்கமும் தனித்தனியாக 0.2க்குள் இருந்தால் நல்லது. எந்தப் பக்கம் கூடுதலோ, அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டித் தாண்டி அளந்தால், திருடன் எந்த இணைப்பில் இருக்கிறான் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நெகட்டிவ் பக்கத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. பிளஃப் பகுதியில் கடலைப் பார்த்த வீடு ஒன்றில், வாசலில் நின்ற மோட்டார்ஹோமைப் பார்க்கப் போனேன். அதன் உரிமையாளரும் உங்களைப் போலவே பேட்டரி மாற்றிப் பார்த்திருந்தார். பாசிட்டிவ் கம்பி தடிமனாக, பார்க்க அழகாக இருந்தது. அளந்தால் அங்கே 0.15 வோல்ட்தான். நெகட்டிவ் பக்கம் 0.9. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து வந்த எர்த் (நெகட்டிவ்) கம்பி சேசிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. வெளியே நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றியதும் உள்ளே லக்குக்கு (கம்பி முனையில் உள்ள உலோக வளையம்) கீழே வட்டமாகச் செந்துரு, அதைச் சுற்றிப் பச்சையாகப் பொடி, அதற்கும் அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. பெயின்ட்டைச் சுரண்டாமலே யாரோ முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் இத்தனை வருடம் கரண்ட் போயிருக்கிறது. உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, லக்கை வெட்டிவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்தி, முடுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினேன். திரும்ப அளந்தால் 0.04. வேறு எதையும் மாற்றவில்லை. டர்பன், இசிபிங்கோ, டோங்காட் என்று கடற்கரை ஓரம் வண்டி நிறுத்துகிறவர்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை இந்த போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அப்புறம் கம்பியின் தடிமன். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். எஞ்சினிலிருந்து பின் பேட்டரிக்கு 6 மீட்டர் என்று வையுங்கள். போக வர 12 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டிருந்தால், 20 ஆம்ப் பாயும்போது ஏறக்குறைய 1 வோல்ட் கம்பியிலேயே சூடாகிப் போய்விடும். அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்தான் போகும். பழைய மோட்டார்ஹோம்களில் 4 அல்லது 6 போட்டிருப்பது சர்வசாதாரணம். 14.2இல் ஒரு வோல்ட் போனால் 13.2, உங்கள் எண்ணோடு எவ்வளவு நெருங்குகிறது பாருங்கள். கம்பி மாற்றினால் இரண்டு பேட்டரி முனைகளுக்கும் அருகிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், ஃபியூஸ் போட மறக்க வேண்டாம். தடித்த கம்பி சேசிஸில் உராய்ந்து ஷார்ட் ஆனால் வண்டியே எரியும்.

சரி, முன்னாலேயே 13.1 அல்லது 12.6 மட்டும்தான் இருக்கிறது என்றால்? அது வேறு கதை. அண்மைக் காலத்து வேன்களில் ஆல்டர்னேட்டரை (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) வண்டியின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்க, எஞ்சின் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜை வேண்டுமென்றே இறக்கிவிடும். பிரேக் பிடித்து இறக்கத்தில் போகும்போது 15 வரை ஏற்றும். இதில் பழுது ஏதும் இல்லை, வண்டி அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பழைய வோல்டேஜ் பார்க்கும் ரிலே 13.3 வாக்கில் இணைந்து 12.8 வாக்கில் துண்டிக்கும் என்பதால், இந்த வண்டிகளில் அது பாதிப் பயணம் துண்டித்தே கிடக்கும். இதற்கு மருந்து ஒன்றுதான்: டிசி-டிசி சார்ஜர். முன்னால் 12.5 வந்தாலும் அதை உயர்த்தி, வீட்டு பேட்டரிக்கு 14.4 ஆகக் கொடுக்கும். கம்பி சற்று மெல்லியதாக இருந்தாலும் ஓரளவு சமாளிக்கும். வண்டி பழையதானாலும் புதியதானாலும், பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் மூன்றாவது பேட்டரிக்கு முன் இதற்குச் செலவழியுங்கள் என்பேன்.

இப்போது உங்கள் ஃப்ரிட்ஜ். இதைத்தான் நான் மிகவும் சந்தேகிக்கிறேன். கேஸ், 230 வோல்ட், 12 வோல்ட் என்று மூன்றிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் என்றால், 12 வோல்ட்டில் அது ஒரு ஹீட்டர். 10 முதல் 14 ஆம்ப் வரை இழுக்கும், இடைவிடாமல். அந்த மெல்லிய கம்பி வழியாக வருவதே 15 ஆம்ப் என்றால், ஃப்ரிட்ஜுக்குப் போக பேட்டரிக்கு மிஞ்சுவது மூன்று, நான்கு ஆம்ப். மூன்று மணி நேரம் ஓட்டி பத்து ஆம்ப்-அவர் ஏற்றுகிறீர்கள். பாதி காலியான 105 ஆம்ப்-அவர் பேட்டரிக்கு வேண்டியது ஐம்பதுக்கும் மேல். நல்ல வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது மட்டும் ஃப்ரிட்ஜுக்கு மின்சாரம் தரும் தனி ரிலே இருக்கும், தனிக் கம்பியும் இருக்கும். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் ஃப்ரிட்ஜ் 12 வோல்ட்டிலேயே ஓடினால், ஒன்பது மணிக்கு விளக்கு மங்குவதற்கு வேறு காரணமே தேட வேண்டாம். மாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் நான்கு மணி நேரத்தில் நாற்பது ஆம்ப்-அவர் அதுவே குடித்துவிடும். அடுத்த பயணத்தில் சாமானை முதல் நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் நன்றாகக் குளிரவைத்து, ஓட்டும்போது ஃப்ரிட்ஜை அணைத்துப் போங்கள். கதவைத் திறக்காவிட்டால் மூன்று மணி நேரத்துக்குக் குளிர் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் கேஸில் போடுங்கள். இந்தச் சோதனைக்குக் காசே செலவில்லை. முதலில் இதைச் செய்யுங்கள்.

ஓட்டுவதை மட்டும் நம்பி ஈய-அமில பேட்டரியை நிறைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் எண்பது சதவீதம் வேகமாக ஏறும். கடைசி இருபது சதவீதம் அடம்பிடிக்கும், நான்கைந்து மணி நேரம் கேட்கும். அந்தக் கடைசிப் பகுதி நிறையாமல் வாரக்கணக்கில் விட்டால், தகட்டில் ஈய சல்பேட் சுண்ணாம்புபோல் இறுகிப்போகும். இறுகியது திரும்பக் கரையாது. 2023இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரிகள் ஒரு வருடத்திலேயே செத்தது நினைவிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை காலியாகி, நடுவில் நிறைய நேரமே கிடைக்கவில்லை. உங்கள் வண்டியின் முதல் பேட்டரிக்கு வந்ததும் அதே நோய்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வீட்டில் 230 வோல்ட் சார்ஜரில் ஓர் இரவு முழுக்கப் போடுங்கள்.

அந்தச் சார்ஜரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய மோட்டார்ஹோம்களில் இருப்பது பல நேரம் 13.6 அல்லது 13.8 மட்டும் கொடுக்கும் சாதாரண பவர் சப்ளை. விளக்கு எரிக்க அது போதும், பேட்டரியை நிறைக்கப் போதாது. காலியான பேட்டரியில் மாட்டி, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அளந்து பாருங்கள், 14.2ஐத் தொடவே இல்லை என்றால் மூன்று நிலைச் சார்ஜர் வாங்குவது நல்லது. அதில் ஏஜிஎம், ஜெல், சாதாரண ஈய-அமிலம் என்று பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருக்கும். உங்கள் பேட்டரி வகைக்கு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளி மின்சாரம் மாட்டியதும் எர்த் லீகேஜ் (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆனால் மட்டும் நீங்களே கை வைக்க வேண்டாம். 12 வோல்ட் வேறு, 230 வோல்ட் வேறு. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கூரையில் 100 வாட் சோலார் பேனல் படுக்கையாக இருக்கிறது, அதனால் பயனே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பயன் உண்டு, ஆனால் எதிர்பார்ப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். நல்ல வெயிலில் 5, 6 ஆம்ப் கொடுத்தால் பெரிது. நம் பக்கம் ஜூனில் நண்பகல் சூரியன் வட வானில் 36, 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். படுக்கையாக இருக்கும் பேனலில் நேர் வெயிலின் அறுபது சதவீதம்தான் விழும். சாய்த்து வைக்கிற வசதி செய்தால் வடக்கே பார்க்க வையுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தெற்கே திருப்பி வைத்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அங்கே தெற்கு சரி, நாம் பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம். கிளை நிழலோ ஏரியல் நிழலோ பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் வருவது பாதியாகக் குறையும். இன்னொன்று, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள கன்ட்ரோலரைக் கழற்றினால் திரும்ப மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

வண்டி சும்மா நிற்கும்போதே பேட்டரி இறங்குகிறதா என்றும் பாருங்கள். நம் நாட்டில் பல வண்டிகளில் திருட்டுக்குப் பயந்து டிராக்கர் இருக்கும். அதோடு கேஸ் அலாரம், ரேடியோ. எல்லாம் அணைத்த பிறகும் அரை ஆம்ப் போய்க்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்ப்-அவர். ஒரு வாரம் நின்றால் 105 ஆம்ப்-அவர் பேட்டரி கிட்டத்தட்டக் காலி.

இத்தனையும் சரிசெய்த பிறகு, பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடி திறக்கும் வகை என்றால் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்து ஆறு செல்லையும் பாருங்கள். நிறைந்த செல் 1.265க்கு மேல் காட்டும். ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் பேட்டரி முடிந்தது. மூடிய வகை என்றால், முழுதாக ஏற்றி, ஓர் இரவு ஓய்வு கொடுத்து, பழைய 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றை மாட்டி நேரம் பாருங்கள். அது நாலரை ஆம்ப் வாக்கில் எடுக்கும். நல்ல 105 ஆம்ப்-அவர் பேட்டரி பத்து மணி நேரத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் மிச்சம் வைத்திருக்கும். நாலு மணி நேரத்திலேயே 12.0க்குக் கீழே போனால் அதன் கொள்ளளவு போய்விட்டது. அத்தகைய பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினால் அரை மணியில் "நிறைந்தது" என்று பச்சை விளக்கு எரியும். சின்னப் பாத்திரம் சீக்கிரம் நிறைவதுபோலத்தான் அது.

லித்தியம் பற்றிக் கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். நல்ல பொருள்தான், பாதி நிறைவில் கிடந்தாலும் கெடாது, எடையும் குறைவு. ஆனால் காலியாக இருக்கும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து கிடைத்த மட்டும் இழுக்கும். சாதாரண ரிலே வழியாக நேரே மாட்டினால் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகலாம். டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் மாட்டக் கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது; நல்ல பேட்டரியில் உள்ளே இருக்கும் கட்டுப்பாடு அதுவாகவே சார்ஜைத் தடுத்துவிடும். ஜூலையில் டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்தில் விடியற்காலை பனி உறைந்திருக்கும்போது சார்ஜ் ஏறவில்லை என்றால் பழுது என்று பயப்பட வேண்டாம், வெயில் வந்து சூடானதும் ஏறும். அதன் நிறைவை வோல்டேஜ் வைத்தும் சொல்ல முடியாது, பெரும்பகுதி நேரம் 13.2, 13.3 என்றே காட்டும்.

உங்கள் வண்டிக்கு என் ஊகம்: ஃப்ரிட்ஜும் மெல்லிய கம்பியும் சேர்ந்து, எர்த்தில் கொஞ்சம் துருவோடு. ஊகம் போதாது. எனக்கு நான்கு எண்கள் வேண்டும். ஓர் இரவு ஓய்வுக்குப் பிறகு வீட்டு பேட்டரியின் வோல்டேஜ், அதை 12.2க்கு இறக்கிய பிறகு எஞ்சின் ஓடும்போது முன் பேட்டரியிலும் பின் பேட்டரியிலும் காட்டுவது. அதே நேரம் நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு அளந்தது. ஃப்ரிட்ஜை அணைத்து ஒருமுறையும், 12 வோல்ட்டில் போட்டு ஒருமுறையும் அளந்து எழுதுங்கள். கம்பியின் தடிமன் பல நேரம் அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கும், இருந்தால் அதையும் பார்த்துச் சொல்லுங்கள். எந்த இடத்தைக் கழற்ற வேண்டும் என்று அப்போது சொல்கிறேன்.